பொன்னும் பருக்கைக் கல்லும்



சித்திரைச் சதயம், அப்பர் பெருமான் திருப்புகலூரில் இறைவன் திருவடி நிழலை அடைந்த திருநாளாகும். 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் விளங்கிய அப்பெருமானது வரலாற்றை, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தவராகிய சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் விரித்தருளினார். அவ்வரலாற்றில் செல்வம் மூன்று இடங்களில் அவர்முன் வந்து நிற்கின்றது. அம்மூன்றையும் ஒருங்கு வைத்துச் சிந்தித்தல் வேண்டும்.

முதலாவது இடம் திருவாமூர். புகழனார், மாதினியார் ஆகிய பெற்றோரை இளமையிலேயே இழந்த மருள்நீக்கியார், யாக்கையும் செல்வமும் நிலையா என்று தெளிந்தார். முன்னோர் ஈட்டிய பொருளைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார். ஆயினும் அவர் உள்ளம் அமைதி பெற்றதோ? இல்லை. மெய்ப்பொருளைத் தேடிச் சமணம் புகுந்தார். பின்னர்ச் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரிடம் மீண்டு, திருவதிகைப் பெருமானுக்கு ஆளானார். கை பொருளை விட்டது. உள்ளமோ பற்றுதற்குரிய திருவடியை அதுவரை காணவில்லை.

இரண்டாவது இடம் திருவீழிமிழலை. மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில், அடியார் பசி தீர்க்கும் பொருட்டு இறைவன் நாள்தோறும் அப்பருக்கும் ஆளுடைய பிள்ளையாருக்கும் ஒவ்வொரு காசு அருளினான். அப்பர் அதனை மறுத்தாரல்லர். அன்றன்று பெற்ற காசு அன்றன்றே அடியார்க்கு அமுதாயிற்று.

மூன்றாவது இடம் திருப்புகலூர். முதுமையிலும் அப்பெருமான் திருமுற்றத்தில் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தார். அவரது நன்னிலையை உலகிற்குக் காட்டத் திருவுளங்கொண்ட இறைவன், உழவாரம் சென்ற இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பருக்கைக் கற்களோடு விரவிக் கிடக்குமாறு செய்தான். அப்பரோ அவற்றையும் கற்களோடு கற்களாக உழவாரத்தில் ஏந்தி, அருகிருந்த வாவியில் எறிந்தார்.

வீழிமிழலையில் காசை ஏற்ற கை, புகலூரில் பொன்னை எறிந்தது ஏன் என்று சிலர் வினவலாம். அங்கே பிறர் பசி இருந்தது, ஆதலின் ஏற்றார். இங்கே வந்தது சோதனை. அது அவரைத் தொடவேயில்லை. பொன்னைக் கண்டு அஞ்சியோ வெறுத்தோ எறிந்தவர் அல்லர் அவர். வெறுப்பும் ஒருவகைப் பற்றே அன்றோ? திருமுற்றத்தில் அடியார் திருவடியை உறுத்தும் கல்லை அகற்றுவதே அவர் பணி. அப்பணியில் பொன்னும் ஒரு கல்லாயிற்று.

பொருளுடையானுக்கு அதனைக் காக்கும் கவலை. பொருளை வெறுப்பானுக்கு அதனை விலக்கும் கவலை. இவ்விரு கவலையும் இல்லாதவர் அடையும் இன்பமே அப்பர் துய்த்த இன்பம்.

இல்லறத்தார் அனைவரும் பொன்னை வாவியில் எறிதல் இயலாது. எறிய வேண்டுவதும் இல்லை. பிறர் பசி கண்டவிடத்துக் கை தானே விரியட்டும். திருக்கோயில் முற்றத்தில் ஒரு நாழிகையேனும் புல் செதுக்குவோம். அந்த நாழிகையில் வீட்டுப் பெட்டகத்தின் நினைவு வாராதிருக்குமானால், அப்பர் பெருமான் துய்த்த இன்பத்தில் ஒரு துளி நமக்கும் வாய்த்ததென்று அறிவோமாக.

திருச்சிற்றம்பலம்.