விக்கி பௌம்: வெகுசன எழுத்தும் புலம்பெயர்வும்

முன்னுரை

ஆஸ்திரிய நாவலாசிரியரும் திரைக்கதையாசிரியருமான விக்கி பௌம் (1888–1960), இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவர்களுள் ஒருவர். அப்பரவலே அவரை ‘வெகுசன எழுத்தாளர்’ என ஒதுக்கவும் காரணமாயிற்று. அவ்வகைப்பாடு அவரது எழுத்தின் சமூக உள்ளடக்கத்தை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெர்லின் காலம்

வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த பௌம், ஹார்ப் என்னும் நரம்பிசைக் கருவியில் முறையான பயிற்சி பெற்றவர். 1926இல் பெர்லினின் உல்ஸ்டைன் நிறுவனத்தில் இதழாசிரியப் பணியேற்றார். 1928இல் வெளிவந்த ஹெலன் வில்ஃபியூர் பற்றிய நாவல், மணமாகாத வேதியியல் மாணவி ஒருத்தி கருவுறுவதையும் அதனால் அவள் எதிர்கொள்ளும் இடர்களையும் பேசியது. கருக்கலைப்பைக் குற்றமாக்கிய 218ஆம் சட்டப்பிரிவு வைமார் குடியரசில் கடும் விவாதத்துக்குள்ளாகியிருந்த காலம் அது.

1929இல் வெளிவந்த ‘விடுதி மாந்தர்’ நாவலுக்கு, ‘பின்னணிகள் கொண்ட மலிவுக்கதை’ எனப் பொருள்படும் துணைத்தலைப்பை அவரே இட்டார். தம் எழுத்து எவ்வாறு மதிப்பிடப்படும் என்பதை அவர் முன்னரே உணர்ந்திருந்ததை இது காட்டுகிறது. முதுமையை அஞ்சும் நடனக்கலைஞர், திருடனாகிவிட்ட பிரபு, போரில் முகம் சிதைந்த மருத்துவர், வறிய தட்டச்சுப் பெண் ஆகியோர் அங்கே ஒரே கூரையின்கீழ்ச் சந்திக்கின்றனர். இறப்பை எதிர்நோக்கும் கணக்கர் கிரிங்கெலைன், தம் ஆலை முதலாளியை நேருக்குநேர் எதிர்க்கிறார். இக்காட்சியில் வர்க்க முரண் வெளிப்படையாகவே இடம்பெறுகிறது.

ஹாலிவுட்டும் புலம்பெயர்வும்

இந்நாவலின் நாடக வடிவம் 1930இல் பிராட்வேயில் வெற்றிபெற்றது. கிரேட்டா கார்போ நடித்த ‘கிராண்ட் ஹோட்டல்’ (1932) திரைப்படம் சிறந்த படத்துக்கான அகாதமி விருதை வென்றது. அதே ஆண்டில் பௌம் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறினார். நாஜி ஆட்சி அவருடைய நூல்களைத் தடைசெய்தது. 1938இல் அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். டோரதி ஆர்ஸ்னர் இயக்கிய ‘டான்ஸ், கேர்ள், டான்ஸ்’ (1940) அவரது கதையை அடிப்படையாகக் கொண்டது. பின்னாளில் அவர் ஆங்கிலத்திலேயே நாவல்கள் எழுதினார்.

புலம்பெயர்வு அவரது கதைக்களத்தை விரிவாக்கியது. 1937இல் வெளிவந்த பாலித் தீவு குறித்த நாவல், டச்சுப் படையெடுப்பின்போது 1906இல் அரச குடும்பத்தினரும் மக்களும் சரணடைய மறுத்து மாண்ட நிகழ்வை மையமாகக் கொண்டது. 1943இல் வந்த நாவலோ இரப்பர் உற்பத்தியில் பிணைந்த மனித உழைப்பையும் சுரண்டலையும் சித்திரித்தது.

முடிவுரை

கருக்கலைப்புச் சட்டம், வர்க்க முரண், காலனிய வன்முறை ஆகியவற்றை இலட்சக்கணக்கான வாசகரிடம் கொண்டுசென்றது பௌம் கையாண்ட வெகுசன வடிவமே. எனவே விற்பனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அவரை இலக்கிய வரலாற்றின் விளிம்பில் நிறுத்துவது பொருந்தாது என்பது பெறப்படுகிறது.