இடிந்த சுவரும் இடித்த சுவரும்

போன வாரம் மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு வந்து திண்ணையில உக்காந்தப்ப, மக ஒரு நோட்டைத் தூக்கிட்டு வந்தா. "அப்பா, அப்பத்தா செவுத்துல கவலை இறைக்கிற படம் போட்டிருந்தாங்களாமே, போட்டோ இருக்குதா?"ன்னு கேட்டா. வீட்டைச் சுத்திப் பாக்குறதுல ஏதாவது ஒண்ணை வரைஞ்சுட்டு வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க.

போட்டோ இல்லைங்க. அந்தச் சுவரும் இல்லை. 12 வருசத்துக்கு முன்னாடி அதை இடிச்சது நான்தான். செம்மண் பூசின சுவர். பொங்கலுக்குப் பொங்கல் அம்மா பச்சரிசி மாவைக் கரைச்சு, துணியை நனைச்சு விரல்லயே வரைவாங்க. கட்டுத்தறி, கோழி, தாத்தா கவலை இறைக்கிறது, எல்லாம் அதுல இருக்கும். மாடி வீடு கட்டுற அவசரத்துல அதெல்லாம் ஒரு விசயமாவே எனக்குப் படலை. அம்மாவும் ஒண்ணும் சொல்லலை.

மக கேட்ட கேள்வி மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதனாலதான் சுவர் இடிஞ்சதால ஊருக்கே தெரிய வந்த ஒரு கதையை இன்னிக்கு எழுதறேன்.

1934 ஜனவரி 15. பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய நிலநடுக்கம். ஆயிரக்கணக்கான பேர் செத்துப்போனாங்க. வடக்கு பீகாரில் மதுபனி பகுதியில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் சேதத்தைப் பார்வையிட கிராமங்களுக்குப் போனார். இடிஞ்ச வீடுகளோட உள்சுவர்களில் தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளின்னு படம் படமா இருந்துச்சு. வெளி ஆள் யாரும் நுழையாத அறைகள் அதெல்லாம். கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒதுக்குற அறையை அங்கே கோஹ்பர்னு சொல்றாங்க. அதோட சுவர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையா வரைஞ்சுட்டு வந்த படங்கள். ஆர்ச்சர் போட்டோ எடுத்து வைச்சார். 1949இல் மும்பையிலிருந்து வந்த 'மார்க்' இதழில் அதைப் பத்தி எழுதினார்.

வரைஞ்சதும் வீட்டுச் சாமானை வெச்சுத்தான். விளக்குக் கரி கருப்புக்கு, மஞ்சள் மஞ்சளுக்கு, பச்சை இலைச்சாறு பச்சைக்கு. மூங்கில் குச்சியில் பஞ்சு சுத்தினா அதுதான் பிரஷ். தரையில் அரிசி மாவைக் கரைச்சுப் போடுற கோலத்துக்கு அரிபன்னு பேரு. நம்ம மாக்கோலத்தோட ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு சொல்லலாம்.

அடுத்தது நம்மள மாதிரி விவசாயிக்கு நல்லாப் புரியும். 1966, 67இல் பீகாரில் கடும் வறட்சி. வயல் காஞ்சா கூலியும் இல்லை, சோறும் இல்லை. அப்போ அகில இந்திய கைவினை வாரியத்தின் பொறுப்பில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் ஜித்வார்பூர், ராந்தி மாதிரி ஊர்களில் பெண்களுக்குக் காகிதம் குடுத்து, சுவத்துல போடுறதை இதுல போடுங்கன்னு சொன்னார். படம் வித்த காசு வீட்டுக்கு வந்துச்சு. அப்படி வரைஞ்சவங்கள்ல ஜகதம்பா தேவிக்கு 1975இலும், சீதா தேவிக்கு 1981இலும் பத்மஸ்ரீ கிடைச்சது.

ஆனா எனக்கு முக்கியமாப் படுறது விருது இல்லைங்க. சுவத்துல போடுற வரைக்கும் என்ன வரையணும்ங்கிறதைச் சடங்குதான் சொல்லுச்சு. காகிதம் கைக்கு வந்த பிறகு, அவங்க தாங்கள் பாத்ததையும் பட்டதையும் வரைய ஆரம்பிச்சாங்க. கங்கா தேவின்னு ஒருத்தர், 1984இல் பத்மஸ்ரீ வாங்கினவர். அமெரிக்கா போய்ட்டு வந்து அங்கே ஏறின ரோலர் கோஸ்டரை வரைஞ்சார். பிறகு புற்றுநோய் வந்து டெல்லியில் ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப, அந்தச் சிகிச்சையையே படங்களா வரைஞ்சார். 1991இல் இறந்துட்டார். கல்யாண அறைக்குத் தாமரை போட்ட அதே கோடுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் போட்டுச்சு.

ஜித்வார்பூரில் தலித் பெண்கள் உடம்பில் பச்சை குத்துற உருவங்களையே எடுத்துத் தங்களுக்குன்னு ஒரு பாணியை உண்டாக்கினாங்க. மீனவக் குடும்பத்தில் பிறந்த துலாரி தேவி, வீட்டு வேலைக்குப் போன இடத்தில் மகாசுந்தரி தேவி வரையறதைப் பாத்துக் கத்துக்கிட்டவர். தன் ஊர், தன் சனங்க, மீன் பிடிக்கிறதுன்னு வரைஞ்சார். அவரோட கதை, அவரே வரைஞ்ச படங்களோட நம்ம சென்னை தாரா புக்ஸ்ல புத்தகமா வந்திருக்கு. 2021இல் அவருக்கும் பத்மஸ்ரீ.

அங்கே பூமி ஆடி சுவர் இடிஞ்சதும் பாக்க ஒரு ஆள் இருந்தார். இங்கே நானே கடப்பாரை போட்டு இடிச்சேன். பாக்க வேண்டியவனும் நான்தான்.

இதையெல்லாம் மககிட்டச் சொல்லி முடிச்சேன். அவ நோட்டோட அப்பத்தா பக்கத்துல போய் உக்காந்துட்டா. அம்மாவுக்கு 78 வயசு, கை நடுங்குது, பென்சில் நிக்கலை. அதனால வாயில சொல்லச் சொல்ல இவ வரைஞ்சா. "மாட்டை முன்னாடி பாத்த மாதிரியே போடு கண்ணு, ஆனா கால் பின்னாடி வெக்கிறாப்புல போடணும். சால் மேல வந்து தண்ணி கொட்டின பொறகு, மாடு வாரியில பின்னாடிதான் நடக்கும். வால் கயிறை உட்டுறாத, அது இல்லாம தண்ணி கொட்டாது"ன்னாங்க. கவலை நின்னு 40 வருசத்துக்கு மேல ஆச்சு. மோட்டார் வந்த பிறகு பொறந்த எனக்கு அந்த வால் கயிறே தெரியாது.

படம் முடிஞ்சதும் அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. "மாடு கொஞ்சம் இளைச்சிருக்குது, நம்மளது இப்படி இல்ல"ன்னாங்க. அழிச்சுட்டு மறுபடி வரைஞ்சா.

உங்க வீட்டுப் பழைய சுவத்துல ஏதாவது கோடு மிச்சம் இருந்தா, இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க. வரைஞ்சவங்க இருந்தா, பக்கத்துல உக்காந்து கேளுங்க. நாளைக்குக் கடலைக்காட்டுல களை எடுக்கணும். மீதி அப்புறம் எழுதறேன்.