சவலைப் பிள்ளை

எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: சவலைப் பிள்ளை. கைக்குழந்தை வளர்வதற்குள் தாய் மறுபடி முழுகாமல் இருந்தால், பால் கிடைக்காமல் இளைத்து, எந்நேரமும் சிணுங்கும் மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயர். இன்றைய இளம் தாய்மார்கள் பலருக்கு இந்தச் சொல் தெரியாது. அது மறைந்து வருவதில் எனக்கு வருத்தமில்லை.

கிராம சுகாதாரச் செவிலியராகத் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலும் மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களிலும் பல வருஷம் நடந்திருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பழஞ்சேலையில் தூளி, பிரசவ லேகியம் என்று எல்லாம் தயாராகும். ஆனால் முதல் ஏற்பாடு, மூத்ததற்குப் பால் மறக்கடிப்பது. கர்ப்பிணியின் பால் பிள்ளைக்கு ஆகாது என்று நம்பினார்கள். மார்பில் வேப்பெண்ணெய் தடவுவார்கள். ஒன்றரை வயசுப் பிள்ளை ஒரே நாளில் பாலையும் மடியையும் இழக்கும். பிறகு நீர்த்த கஞ்சிதான்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவர் செதுக்கிய சோமாஸ்கந்தர் சிற்பம் இருக்கிறது. உமையின் மடியில் குழந்தைக் கந்தன். அதைப் பார்க்கும்போதெல்லாம், மடி ஒன்றுதானே, அடுத்தது வந்தால் இவன் எங்கே போவான் என்று என் தொழில் புத்தி கேட்கும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானா நாட்டில் வேலை பார்த்தபோது, கால் வீங்கி, முடி நிறம் மாறி, தோல் உரிந்த பிள்ளைகளைக் கண்டார். அங்கே 'கா' மொழி பேசும் தாய்மார்கள் அதைக் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை வரும்போது மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று பொருள். 1935இல் அந்தப் பெயரிலேயே லான்செட் இதழில் எழுதினார். நம் சவலையும் அந்த நோயும் ஒன்றல்ல. சவலை இளைக்கும், அது வீங்கும். ஆனால் இரண்டுக்கும் பெயர் வைத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, தாய்மார்கள்.

சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் சி. கோபாலன், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பிறகு ஹைதராபாத்திலும் இத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்தார். விலை உயர்ந்த புரத மாவு தேவையில்லை, வீட்டில் சமைக்கும் சோறும் பருப்பும் போதிய அளவில் கிடைத்தாலே பிள்ளை தேறும் என்று அவரும் அவருடன் இருந்தவர்களும் வலியுறுத்தினார்கள்.

அரசும் மெல்ல மெல்ல அந்தப் பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கியது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு 2 வயது முதல்தான். சவலை தாக்குவதோ பெரும்பாலும் அதற்கு முன்பே. அந்த இடைவெளியைக் குறிவைத்தது 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்து கருத்தரிக்க 2 வருஷமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பே தரித்துவிட்டாலும், சிக்கலில்லாத கர்ப்பத்தில் பாலைத் திடீரென நிறுத்த வேண்டியதில்லை. படிப்படியாகக் குறைத்து, குழைத்த சோறு, பருப்பு, முட்டை, மீன் என்று நாளைக்கு நாலைந்து வேளை கொடுக்கலாம்.

இரண்டாவது கர்ப்பத்தைப் பதியும்போது நான் முதலில் கேட்டது இதைத்தான்: "பெரியதுக்கு என்ன வயசும்மா? இப்ப யார்கிட்ட இருக்கு?" பிறக்கப்போவதற்கு எல்லோரும் ஏற்பாடு செய்வார்கள். பெரியதற்கு மடி கொடுக்கும் வேலை பாட்டி தாத்தாவாகிவிட்ட நமக்குத்தான்.