சிவப்பும் நீலமும்

ஓர் அறைக்குச் சிவப்பு எடுப்பா, நீலம் எடுப்பா என்ற வழக்கு எந்த வீட்டிலும் வருவதுதான். வர்ணம் பூசுகிறவர் ஏணியோடு வாசலில் வந்து நிற்கும்வரை அது தீராது. 1876-ல் லண்டனில் பிறந்த அத்தகைய வழக்கு ஒன்று இரண்டு சிநேகிதர்களை நிரந்தரமாகவே பிரித்துவிட்டது.

லேலண்டு என்பவர் லிவர்பூல் கப்பல் முதலாளி. லண்டன் மாளிகையில் அவருடைய சாப்பாட்டு அறையை, அவர் சேர்த்திருந்த நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான்களுக்கென்று ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞர் அமைத்தார். சுவரெங்கும் பொன்முலாம் பூசிய பழைய தோல். அதில் சிவப்புப் பூக்கள். கணப்புக்கு மேலே, விஸ்லர் தீட்டிய ஜப்பானிய உடைப் பெண்ணின் சித்திரம். கதவுகளுக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று அந்த விஸ்லரிடமே யோசனை கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டாம்!

தமது சித்திரத்தை அந்தச் சிவப்பு கெடுக்கிறது என்றார் அவர். பூக்களின்மேல் கொஞ்சம் மஞ்சள் பூச அனுமதி கிடைத்தது. லேலண்டு லிவர்பூலுக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் மேற்கூரையில் மயிற்பீலிகள் பரவிவிட்டன. ஜன்னல் கதவுகளில் பொன் மயில்கள் தோகை தொங்க நின்றன. விஸ்லரோ பத்திரிகைக்காரர்களை அழைத்து, பிறர் வீட்டைத் தம் வீடுபோலச் சுற்றிக் காட்டினார்.

பிறகு கணக்கு வந்தது: 2,000 கினி. லேலண்டு பாதிதான் கொடுத்தார். அதையும் 1,000 பவுனாகக் கொடுத்தார். கினிக்கு 21 ஷில்லிங், பவுனுக்கு 20. குறைந்த ஷில்லிங்கா பெரிது? கலைஞனுக்குக் கொடுப்பது கினி; கடைக்காரனுக்குக் கொடுப்பது பவுன். தட்டில் வைத்து நீட்ட வேண்டிய சம்பாவனையைக் கூலியாக எண்ணிப் போட்ட மாதிரி!

ஆத்திரத்தில் விஸ்லர் அந்தத் தோல் முழுவதையும் மயில்கழுத்து நீலத்தால் மூடினார். தமது சித்திரத்துக்கு எதிர்ச் சுவரில் சண்டையிடும் இரண்டு மயில்களைத் தீட்டினார். ஒன்றின் காலடியில் வெள்ளிக் காசுகள். அது யார் என்பதை லேலண்டுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1879-ல் விஸ்லர் திவாலானபோது, கடன் கொடுத்தவர்களின் முன்வரிசையில் நின்றவர் அவரே.

ஜெக்கிலை யாரும் நினைக்கவில்லை. சித்தம் கலங்கிய அவர், 1881-ல் மனநோய் மருத்துவமனையில் இறந்தார்.

1904-ல் ஃப்ரியர் என்ற அமெரிக்கச் செல்வர் அறையை விலைக்கு வாங்கி, பெயர்த்துக் கப்பலேற்றினார். 1923 முதல் அது வாஷிங்டனில், அவர் பெயர் தாங்கிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

வர்ணத்தில் வென்றவர் விஸ்லர்தான். என் மனம் என்னவோ லேலண்டிடம் போகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலையாட்கள் அந்த மயில்களை ஒரே நாளில் பூசி மறைத்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. 1892-ல் இறக்கும்வரை, காசைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மயிலை அப்படியே விட்டு வைத்திருந்தார்.