இரண்டு துளி போமலின்

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் போத்தலுக்குள்ள மிதக்கிற பாம்பையோ தவளையையோ பார்த்திருப்பீங்கள். மூக்கை எரிக்கிற அந்த மணம் போமலினுடையது. போமல்டிகைட் வாயுவைத் தண்ணீரில் ஏறக்குறைய 37 சதவீதம் கரைச்சால் வாறதுதான் அது. இதையே ஒருகாலத்தில் குழந்தைகள் குடிக்கிற பாலுக்குள்ளயும் ஊற்றினார்கள் எண்டால் நம்புவீங்களா?

போமல்டிகைட்டை 1859இல் ரஷ்ய இரசாயனவியலாளர் புட்லெரோவ் உண்டாக்கினார். ஆனால் அதின்ர முக்கியமான குணம் 1893இல்தான் தெரியவந்தது. கிருமிநாசினியாக அதைச் சோதித்துக்கொண்டிருந்த ஜேர்மன் வைத்தியர் பேர்டினன்ட் புளூம், தன்ர விரல் தோல் இறுகிப்போனதைக் கவனித்தார். போமல்டிகைட் புரதங்களை ஒண்டோடொண்டு பிணைத்து இறுக்கிவிடும். அதனால் கிருமி சாகும், இழையமும் அழுகாமல் இருக்கும். அதே வேலையை அது உயிருள்ள கலத்திலும் செய்யும் எண்டதுதான் சிக்கல்.

அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் பால் வாறதுக்கிடையில பழுதாகிவிடும். தொழுவங்கள் அழுக்கு, குளிரூட்டி இல்லை, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கிறதும் பரவலாகவில்லை. வியாபாரிகளுக்குப் போமலின் மலிவான வழியாகத் தெரிந்தது. இண்டியானா மாநிலச் சுகாதார அதிகாரி ஜோன் ஹேர்ட்டியும் முதலில், ஒரு பைன்ட் பாலுக்கு இரண்டு துளி போதும், ஆபத்தில்லை எண்டுதான் சொன்னார். ஆனால் இரண்டு துளியோடு யார் நிண்டது? அளவு கூடிக்கொண்டே போக, பிள்ளைகள் நோயாகி இறந்தார்கள். பிணத்தைப் பாடம் செய்யிறமாதிரிப் 'பாடம் செய்த பால்' எண்டு அதுக்குப் பெயரே வந்தது. ஹேர்ட்டி தன்ர கருத்தை மாற்றி அதுக்கு எதிராக இறங்கினார்.

1902இல் வாஷிங்டனில், விவசாயத் திணைக்களத்தின் இரசாயனவியலாளர் ஹார்வி வைலி, தொண்டர்களாக வந்த இளைஞர்களுக்கு இப்படியான பொருட்களைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கினார். போமல்டிகைட்டும் அதில் ஒண்டு. பத்திரிகைகள் அவர்களை 'நஞ்சுப் படை' எண்டன. 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்ததில் வைலியின் உழைப்பு பெரியது.

அதுக்காகப் போமலினை வில்லனாக்கிவிடவும் ஏலாது. 1920களில் பிரான்சில் காஸ்டன் ரமோன், போமலினையும் வெப்பத்தையும் கொண்டு தொண்டைக்கரப்பான் நஞ்சைத் தீங்கில்லாததாக்கித் தடுப்பூசி செய்தார். ஏற்புவலித் தடுப்பூசியும் இந்த வழியில வந்ததுதான். ஊசியில் மிஞ்சிற அளவு மிகச் சிறியது. எங்கட உடலே இயல்பாகக் கொஞ்சம் போமல்டிகைட்டை உண்டாக்குது.

பிளைவூட் பசையிலும், பிணத்தைப் பாடம் செய்யிற அறையிலும் இதை நாள்முழுக்கச் சுவாசிக்கிற தொழிலாளர்களின் கதை வேறு. 2004இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது.

பாலோடு கதை முடியவும் இல்லை. 2018இல் கேரளாவில் போமலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அண்டைக்குப் பால், இண்டைக்கு மீன். ஐஸுக்கும் சுத்தத்துக்கும் செலவழிக்க வேண்டிய காசை மிச்சம்பிடிக்கிற வேலைதான் இரண்டும். போமலின் போட்ட பால் புளிக்காது, மீன் நாறாது. பழுதானதைக் கண்டுபிடிக்க எங்களிட்ட இருக்கிற முதல் கருவி மூக்குத்தான். அதையே ஏமாற்றிவிட்டால், வாங்கிற ஆளுக்கு வேற என்ன வழி இருக்கு? அதாலதான் சந்தையில் ஒழுங்கான பரிசோதனை வேணும் எண்டு கேட்கிறது எங்கட உரிமை.