பாடம் எழுதும் பொறி

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஆலங்குளம் என்றதும் சிமெண்டு ஆலை நினைவுக்கு வரும். அவ்வூர் மாணவி ஒருத்தி சிமெண்டு செய்யும் முறையைக் கைபேசியில் பயில்வதாகக் கொள்வோம். அப்பாடத்தை எழுதியது யார்? ஆசிரியரா, கணிப்பொறியா?

1920களில் அமெரிக்காவின் சிட்னி பிரெசி, வினாக் கேட்டு விடையைச் சரிபார்க்கும் பொறியொன்றை அமைத்தார். 1950களில் ஸ்கின்னர் பாடத்தைச் சிறுசிறு படிகளாக்கிப் பொறியில் ஏற்றினார். பொறி செய்வது எளிது. படிகளை எழுதுவதே பெரும்பாடு! எழுதியதை மாணவரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். பலர் ஒரே இடத்தில் தவறினால் குறை பாடத்தில்தான் என்று கொண்டு அப்படியைத் திருத்துவார்கள். (நம் தேர்வு முறை இதை இன்னும் ஏற்றபாடில்லை.)

1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறி அமைப்பு பிறந்தது. 2003இல் நம் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 'என்பிடெல்' பாடங்களைத் தொடங்கின. அங்கெல்லாம் பாடம் ஆக்கியவர் மனிதரே.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தபின் நிலை மாறிற்று. தலைப்பைச் சொன்னால் பாடம், வினா, விடை யாவும் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்தே அது எழுதுகிறது. சிமெண்டுச் சூளையின் வெப்பநிலை சுமார் 1450 பாகை செல்சியசு. அதை 450 என்று கூசாமல் எழுதிவிடவும் கூடும். மாணவியும் 450 என்றே மனப்பாடம் செய்வாள்.

ஸ்கின்னர் வழியில் பத்து மாணவரிடம் கொடுத்துப் பார்த்தால் புரியாத இடங்கள் தெரிந்துவிடும். 450 மட்டும் தெரியாது. அதற்குச் சூளையை அறிந்த ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.