நான் உரைப்பதெல்லாம் பொய்

ஒருவன் நம் முன் நின்று, 'நான் இப்பொழுது உரைக்கும் இவ்வுரை பொய்' என்கிறான் என்று கொள்வோம். அவ்வுரை மெய்யாயின், அவன் கூறியவாறே அது பொய்யாதல் வேண்டும். பொய்யாயின், பொய்யென்று கூறியது பொருந்திவிடுதலின் மெய்யாகிவிடும். சிறுவர் விளையாட்டுப் போன்ற இம்முரண், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தருக்க நூலாரை அலைக்கழித்து வந்துள்ளது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் யூபுலிடீஸ் இதனை எழுப்பினார் என்பர். 'கிரீட் தீவினர் யாவரும் பொய்யர்' என்று அத்தீவினரான எபிமெனிடீஸ் கூறியதாக வழங்கும் உரை இன்னும் பழையது. ஆயின் அது முழு முரணன்று. அவ்வுரை பொய்யெனின், மெய்யுரைத்த தீவினர் ஒருவரேனும் உளர் என்ற அளவில் முடிச்சு அவிழ்ந்துவிடும். மேடைகளில் நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறோம்.

மணிமேகலை பயின்றோர், காஞ்சியில் அறவண அடிகள் தருக்க நெறி உரைக்கும் 29-ஆம் காதையை நினைவுகூர்வர். தன் சொல்லே தனக்குப் பகையாதலுக்கு 'என் தாய் மலடி' என்பது அங்கு எடுத்துக்காட்டு. அதனைப் பொய்யெனத் தள்ளிவிடலாம், இடர் இல்லை. தள்ளினால் மீண்டும் எழுந்து நிற்பதன்றோ நாம் முதலிற் கண்ட உரை!

அதற்கு அணுக்கமானதை எடுத்தாண்டவர் கி.பி. 5-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் இலக்கண அறிஞர் பர்த்ருஹரி. வாக்கியபதீயத்தின் மூன்றாம் காண்டத்தில், 'நான் உரைப்பதெல்லாம் பொய்' என்பதனை அவர் ஆராய்கிறார். அவ்வாக்கியம் தன்னையும் சேர்த்துக் கூறக் கருதப்பெறவில்லை என்பது அவர் முடிபு. அதுவும் பொய்யாயின், சொல்ல எடுத்துக்கொண்ட பொருளே விளங்காமற் போகும். பொருளை உணர்த்தும் தொழிலில் நிற்கும் சொல், அப்பொழுதே தான் உணர்த்தப்படும் பொருளாகவும் நில்லாது. யான் ஹூபன் என்னும் அறிஞர் 1995-இல் இத்தீர்வு பற்றித் தனிக்கட்டுரையே வரைந்தார்.

இனிப் போலந்துக்குச் செல்வோம். வார்சா நகரத்து ஆல்பிரட் டார்ஸ்கி 1933-இல் வெளியிட்ட நூலில், மெய்ம்மை என்பதற்கு வரையறை தேடினார். 'பனி வெண்மையானது' என்னும் வாக்கியம் மெய்யாவது, பனி வெண்மையாக இருப்பின், இருப்பின் மட்டுமே. எளிமையாகத் தோன்றும் இதனைப் போதிய வளமுடைய ஒரு குறியீட்டு மொழி முழுமைக்கும் விரித்தால், அவ்வரையறையை அம்மொழிக்குள்ளேயே தர இயலாது என்று நிறுவினார். மேலிருந்து நோக்கும் மற்றொரு மொழி வேண்டும். வெளிமாநிலத்தில் பிறந்த நம் மக்களுக்குத் தமிழ் இலக்கணத்தை இந்தியில் விளக்க நேரும் நமக்கு, ஒரு மொழியைப் பிறிதொன்றால் நோக்குதல் புதிதன்று. ஆயினும் அன்றாட மொழி, தன்னைப் பற்றியும் தானே பேசவல்லது. அதனாலேயே முரணுக்கு இடந்தருகிறது என்றும் டார்ஸ்கி கருதினார்.

'டார்ஸ்கி கண்டதை நம்மவர் அன்றே கண்டனர்' என்று இங்கு முழங்க நாவெழும். நாம் அவ்வாறு முழங்கோம். இருவரும் உரையைத் தன்னைத்தான் சுட்டவிடாது தடுத்தனர் என்பது மெய். எனினும் பர்த்ருஹரி நோக்கியது பேசுவோன் கருத்தை. டார்ஸ்கி தந்தது குறியீட்டு மொழிகளுக்கான நிறுவல். மேலும், பர்த்ருஹரி எடுத்தாண்ட 'எல்லாம்' என்னும் உரை, எபிமெனிடீஸ் உரையைப் போன்றே, பேசுவோன் பிறிதொருகால் ஒரு மெய் உரைத்திருந்தாலே அவிழ்ந்துவிடக் கூடியது. அவரோ அவ்வெளிய வழியை நாடாது, சொல் எவ்வாறு பொருளுணர்த்துகிறது என்னும் வினாவுக்குள் இறங்கினார்.